ஊசி டெய்லரின் ஈரல்

ஊசி டெய்லர் ஒருவருக்கு இடுப்பளவு எடுக்கிறார் என்றால், அது அந்த ஆளுக்கும் டேப்புக்கும் நடுவில் முடிந்துபோகிற சங்கதி அல்ல. மற்ற தையல்காரர்கள் அளவை வாய்க்குள் முணுமுணுத்தபடி துணியில் சாக்பீஸால் கிறுக்கிக்கொள்வார்கள். இவர் டேப்பை இறுக்கிப் பிடித்து, வந்தவரின் தொப்பையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டு, கடைக்குள் உட்கார்ந்திருக்கும் பட்டன் அக்காவுக்குக் கேட்க வேண்டுமே என்ற சாக்கில் எதிர்ச்சாரி டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி கூவுவார்.

“எழுதிக்கோ அக்கா! இடுப்பு நாப்பத்தி நாலு! துணி பத்தலேன்னா பக்கத்துக் கடையில கடன் வாங்கு!”

பட்டன் தைக்கிற அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். “மெதுவாவே சொல்லுங்க மாஸ்டர். என் காதுக்கெல்லாம் எப்பவோ காஜா எடுத்தாச்சு” என்பாள்.

அந்த நாற்பத்து நாலு, முக்குக் கடை பேக்கரிக்காரருடையது. மனுஷன் அதன் பிறகு வேறு தெருவில் பேண்ட் தைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். போனால் போகட்டும் என்றார் ஊசி. அவருக்கு வாடிக்கையாளரைவிட இடுப்புதான் பெரிது, அதுவும் தன்னுடைய இடுப்பு. கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட்டை இன்னமும் மாட்டிக்கொண்டு, பெல்ட் இல்லாமல், கை இரண்டையும் தூக்கிக் காட்டுவார். “அப்ப இருபத்தெட்டு, இப்பவும் இருபத்தெட்டு. வாயைக் கட்டணும்யா, வாயை!”

அவர் வாயைக் கட்டிய லட்சணம் பட்டன் அக்காவுக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டைப் பாதி நாள் திறக்கவே மாட்டார், வாஸ்தவம். ஆனால் மிஷின் நின்றால் டீ வர வேண்டும். டீயில் சர்க்கரை அடியில் கரையாமல் கிடக்க வேண்டும். அதை விரலால் வழித்து நக்குவது தனி. டீக்கு ஒரு பன். பன் இல்லாத நேரத்தில், சாக்பீஸ் போடும் இழுப்பறையிலிருந்து பிஸ்கட். பல பேருடைய பேண்ட்டில் மடிப்புக் கோடு போட்டது சாக்பீஸ் தூளா பிஸ்கட் தூளா என்று சத்தியம் செய்ய முடியாது. காலையில் மிஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது ஒரு காலத்தில். மோட்டார் வைத்த பிறகு அதுவும் இல்லை.

அவருடைய மனைவி வேறு மாதிரி. கதவைத் திறந்தால் நிலைப்படி நிறைய வருவாள். பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் பெரிய லாண்டிரியில் வேலை. தங்கும் விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை மிஷினிலிருந்து இழுத்து, தோளில் போட்டு, மொட்டைமாடிக்கு ஏற்றிக் காயப்போட வேண்டும். ஈர விரிப்பு இரண்டு பேர் தூக்குகிற கனம். இவள் துணைக்கு ஆள் வரும்வரை நிற்கமாட்டாள். நீராவியில் வெந்து, படியில் ஏறி இறங்கி, சாயங்காலம் கை விரலெல்லாம் சலவைச் சோடாவில் ஊறிச் சுருங்கிப்போய், கடையைத் தாண்டி வீடு திரும்புவாள்.

டெய்லர் கடையில் இருந்தபடியே அறிவிப்பார்: “அக்கா, வழி விடு. என் வீட்டு லாரி வந்துடுச்சு.”

டீக்கடையில் நாலு பேர் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். ஆனால் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதை அவள் விட்டு வருஷக்கணக்காகிறது. இரண்டாவது கரண்டி போட்டுக்கொண்டால் அவர் தட்டைப் பார்ப்பார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார், பார்ப்பார். அதனால் அவள் அவருக்குப் போட்டுவிட்டு, அடுப்படியில் நின்றபடியே விழுங்குவாள்.

இந்த வீட்டுக்கு ஒரே மகள். பள்ளிப் படிப்பு முடித்து ஒரு பெரிய மளிகைக் கடையில் கல்லாவில் உட்காரும் வேலை கிடைத்திருந்தது. சீருடைக்கு அளவு எடுக்க அப்பாவிடம் வந்து நின்றாள். முகம் ஒடுங்கியிருந்தது, கை குச்சியாயிருந்தது, வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருந்தது. டெய்லர் டேப்பைச் சுற்றினார். பழக்கதோஷம்.

“எழுதிக்கோ அக்கா, முப்பத்தி ஆறு! போன தடவைக்கு நாலு இஞ்ச் கூட! அம்மா கம்பெனிக்குப் பங்குதாரர் கிடைச்சாச்சு!”

“அப்பா, கத்தாதீங்கப்பா” என்றாள் அவள். டீக்கடைப் பக்கம் பார்க்காமல் துப்பட்டாவை இழுத்து வயிற்றில் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கே ராச் சாப்பாட்டில் அவளுக்குப் பாதியாகக் குறைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். அவளும் பிடிவாதம் பிடிக்காமல் தட்டைத் தள்ளிவைத்தாள். பசியே இல்லை என்றாள். அப்பாவுக்குப் பெருமையாக இருந்தது.

அம்மாதான் கண்டுபிடித்தாள். வெள்ளை விரிப்பில் மஞ்சள் தட்டினால் வாசலிலேயே சொல்லிவிடுகிற கண் அது. மகளைச் சன்னல் பக்கம் இழுத்துப்போய் இமையைப் பிரித்துப் பார்த்தாள். “என்னங்க, இவ கண்ணைப் பாருங்க” என்றாள். வயிற்றில் இருந்தது கொழுப்பு அல்ல, தண்ணீர் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சாப்பாட்டில் வருகிற செம்பு வெளியே போகாமல் ஈரலிலேயே தங்கிப்போகிற பிறவி நோயாம். சத்தமில்லாமல் ஈரலைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. மருந்து கொஞ்ச நாள் தாங்கும், அதற்குள் வேறு ஒருவர் தன் ஈரலில் பாதியைக் கொடுக்க வேண்டும். கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும் என்றார்கள்.

முப்பத்து ஆறு என்று தான் கூவியது டெய்லரின் காதிலேயே நின்றுவிட்டது. அதை விரட்டுவதற்கோ என்னவோ, டாக்டரம்மா பேசி முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டார். “என் ஈரல் இருக்கே, எடுத்துக்கோங்க!”

மனைவி பக்கத்து நாற்காலியிலிருந்து, “நானும்…” என்று ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரு. உன்னுதை எடுத்தா வறுத்துத்தான் சாப்பிடணும்” என்றார். சின்னச் சிரிப்பு ஒன்றும் சிரித்தார். மனைவியும் சிரித்துவைத்தாள், டாக்டரம்மா சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அப்பா அம்மா இரண்டு பேரும் பரிசோதனைக்கு வாருங்கள் என்றார்கள். டெய்லர்தான் எடுத்தார். “அவளுக்கு ஊசின்னாலே பயம் மேடம். கத்தின்னா மயக்கம் போட்டுடுவா. நான் ஒருத்தன் போதும்” என்றார். எடை மேடையில் அவள் ஏறி நிற்பதையும் முள் சுற்றுவதையும் நாலு பேர் பார்ப்பதையும் நினைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். போன் வந்த விஷயத்தை வீட்டில் சொல்லவில்லை.

தெருவுக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்? மகளுக்கு ஈரலைக் கொடுக்கப்போகிற அப்பா! டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். “உங்ககிட்ட வாங்கினா எனக்கு ஆகாதுண்ணே” என்று சர்க்கரையை இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டார். ஜூஸ் கடைக்காரர் பெரிய கிளாஸாகக் கொண்டுவந்து கடைக்குள்ளேயே வைத்தார். “குடிங்கண்ணே, ஈரலுக்கு நல்லது.” ஊசி டெய்லர் கூச்சப்படுகிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு எல்லாவற்றையும் குடித்தார்.

பரிசோதனை முடிவைக் கேட்க அவர் தனியாகத்தான் போனார். டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “உங்க ஈரல்ல கொழுப்பு நிறைய இருக்கு. இப்படியே எடுக்க முடியாது” என்றார்.

“எனக்கா? மேடம், யாரோடதோ மாறிப்போயிருக்கும். குண்டா ஒருத்தர் இருந்தாரே எனக்கு முன்னாடி…”

“மாறல. ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரும். ஆனா குறைக்கலாம். ரெண்டு மாசம் சாப்பாட்டை மாத்தி, நடந்தா நல்லாவே இறங்கும். அதுவரைக்கும் பொண்ணை மருந்துல தாங்கலாம். என்ன சாப்பிடணும்னு கீழே உணவு ஆலோசகர் சொல்வாங்க, கண்டிப்பா பார்த்துட்டுப் போங்க.”

கீழே போனார். ஆலோசகர் அறைக் கதவில் ‘உடல் எடைக் குறைப்பு’ என்று எழுதியிருந்தது. வரிசையாக நாற்காலிகள், நாற்காலிக்கு வெளியே வழிகிற ஆட்கள். அவர்களுக்கு நடுவில், இரண்டு கையையும் தொப்பையின் மேல் வைத்துக்கொண்டு, பேக்கரிக்காரர்.

“அடடே, டெய்லரா! நீங்க எங்க இந்தப் பக்கம்?”

டெய்லரின் முகத்தில் ஈயாடவில்லை. “மேல… மேல ஒருத்தரைப் பாக்கணும்” என்றார்.

“வாங்களேன், பக்கத்துல இடம் இருக்கு. உங்களை மாதிரி ஆளுக்கு அரை நாற்காலி போதுமே.”

“அவசரம்” என்று சொல்லிவிட்டு, வெளியே போகிற வழியை விட்டுப் படியேறி மாடிக்குப் போனார். அங்கே துடைப்பமும் வாளியும் வைத்திருந்த மூலையில் நின்றார். பேக்கரிக்காரர் உள்ளே கூப்பிடப்பட்டு, போய், வந்து, செருப்பைத் தேடி, கிளம்பும்வரை கைப்பிடிச் சுவர் வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இறங்கி வந்தவர், அந்தக் கதவுக்கு முகத்தைக்கூடக் காட்டாமல் தெருவுக்கு நடந்துவிட்டார். கொழுப்பைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதானே? அதைச் சொல்ல ஒரு ஆலோசகர் வேறு வேண்டுமா?

வீட்டில், “தேதி தள்ளிப்போயிருக்கு. பெரிய டாக்டர் ஊர்ல இல்லியாம்” என்றார்.

மறுநாளிலிருந்து எண்ணெய் வேண்டாம் என்றார். முட்டை வேண்டாம், கறி வேண்டாம், மீன் வேண்டாம். பாலில் கொழுப்பு இருக்கிறதென்று டீயைக்கூடப் பால் இல்லாமல் குடித்தார். அது கசந்ததால் சர்க்கரையைக் கூட்டிக்கொண்டார். பசிக்கு ரொட்டியும் ஜாமும். ஜாம் டப்பாவில் ‘கொழுப்பு இல்லாதது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தாகத்துக்கு ஜூஸ்.

“எதுக்கு இப்படிக் காஞ்சு கிடக்கறீங்க? ஒரு முட்டையாவது போடட்டுமா?” என்று மனைவி கேட்டாள்.

“ஆபரேஷனுக்கு உடம்பு சுத்தமா இருக்க வேணாமா? உனக்கு என்ன தெரியும்?”

அவர் இளைத்தார். இருபத்தெட்டு, இருபத்தேழு ஆயிற்று. தெருவே உச்சுக்கொட்டியது. பட்டன் அக்கா மட்டும், “மாஸ்டர், இந்த ஜூஸ் கிளாஸ்ல ஊசியைப் போட்டா நேரா நிக்கும் போலிருக்கே” என்றாள். அவர் கேட்காத மாதிரி மோட்டாரை ஓட்டினார்.

மகள் சரிந்துகொண்டே வந்தாள். பகலெல்லாம் தூங்கினாள். எழுந்தால், ஈரல் வடிகட்டாத நஞ்சு தலைக்கேறி, நாளும் கிழமையும் தெரியவில்லை. ஒரு நாள் அம்மாவைப் பார்த்து, “பில் போடணுமா மேடம்?” என்று கேட்டாள். அம்மா, “ஆமாம்மா, போடு” என்று பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டெய்லர் வாசற்படியில் நின்றபடி பார்த்தார். தெளிவாயிருக்கிற நேரங்களில் மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: “உங்களுக்கு ரொம்ப வலிக்குமாப்பா? வலிக்கும்னா வேணாம்பா.” அவர் ஏதாவது துணியை வெட்ட வேண்டும் என்று எழுந்து போய்விடுவார்.

இரண்டாவது பரிசோதனைக்கு மனைவி விடவில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே வந்தாள். முதலில் ஒரு மேடையில் ஏறச் சொன்னார்கள். வெறுங்காலோடு நின்று இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டால், உடம்பில் எலும்பு எவ்வளவு, சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிற மிஷின். அப்புறம் ஸ்கேன். அப்புறம் டாக்டரம்மா.

“குறையல. கூடியிருக்கு” என்றார் டாக்டரம்மா. “என்ன சாப்பிட்டீங்க?”

“எண்ணெய் ஒரு சொட்டு நாக்குல படல மேடம். முட்டை இல்ல, கறி இல்ல, பால்கூட இல்ல.”

“என்ன சாப்பிடலேன்னு கேக்கல. என்ன சாப்பிட்டீங்க?”

“ரொட்டி. ஜாம். டீ.”

“சர்க்கரை போட்டா?”

“கொஞ்சமா.”

“கரண்டி நிக்கும் டாக்டர். அப்புறம் ஜூஸ், பெரிய கிளாஸ்ல” என்றாள் மனைவி.

“பழம்தானே மேடம்…”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “வெளியிலேர்ந்து வர்ற கொழுப்பை நிறுத்திட்டு, உள்ளேயே தயாரிக்கறதுக்குச் சரக்கு அனுப்பியிருக்கீங்க. சர்க்கரை அளவுக்கு மேல போனா ஈரல் அதைக் கொழுப்பா மாத்தி வெச்சுக்கும். முட்டை, மீனை நிறுத்தினதுல குறைஞ்சது உங்க சதை. பாருங்க, கையிலயும் கால்லயும் சதையே இல்ல. தோலுக்கு அடியிலயும் கொழுப்பு இல்ல. சேருறதுக்கு வேற இடம் இல்லாம வயித்துக்குள்ளயும் ஈரல்லயும் போய் உக்காந்திருக்கு. சர்க்கரை வியாதியும் வாசல்ல நிக்குது. போன தடவை கீழே ஆலோசகர் இதைத்தானே சொல்லியிருப்பாங்க?”



“போன தடவையா?” என்று மனைவி அவர் பக்கம் திரும்பினாள். “போன தடவை தேதிதானே தள்ளிப்போச்சு?”

“தேதியா? தேதியே குறிக்கலையேம்மா. இவர் ஈரல் சரியானாத்தானே குறிக்கறதுக்கு” என்றார் டாக்டரம்மா. “இனிமே காத்திருக்கவும் முடியாது. உங்களுக்கு ஊசின்னா பயம், கத்தின்னா பயம்னு இவர் சொன்னதால நாங்களும் வற்புறுத்தல…”

“யாருக்கு?”

“உங்களுக்கு.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் டெய்லருக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அவரை ஒரு தரம் மேலிருந்து கீழே பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டைப் பார்ப்பாரே அவர், அந்த மாதிரி. பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

“அந்த மிஷின்ல இப்பவே ஏறலாமா டாக்டர்?”

ஏறினாள். எடை மேடை ஒன்றும் உடைந்துவிடவில்லை. பார்க்க நாலு பேர் கூடவும் இல்லை. மிஷின் ஓட்டுகிற பெண் மட்டும் சதை எவ்வளவு என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, “அக்கா, நீங்க மூட்டை தூக்கறவங்களா?” என்று கேட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு ரத்தம், ஸ்கேன், இதயம் என்று ஒன்றுவிடாமல் பார்த்தார்கள். ரத்தப் பிரிவு பொருந்தியது. ஈரல் சுத்தமாயிருந்தது. “குண்டா இருக்கறது நல்லதுன்னு சொல்லமாட்டேன், எல்லாருக்கும் இப்படி அமையாது. உங்க முட்டிக்காகவாவது எடை குறைக்கணும். ஆனா உங்க கொழுப்பு இடுப்புலயும் தொடையிலயும் தோலுக்கு அடியில இருக்கு, உள்ளே போகல. உங்க வேலை உங்களைக் காப்பாத்தியிருக்கு” என்றார் டாக்டரம்மா. பிறகு, டெய்லர் பக்கம் திரும்பாமலே, “முன்னாடியே உங்களைப் பாத்திருக்கலாம்” என்றும் சொன்னார்.

வெளியே தாழ்வாரப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தாள் அவள். பையிலிருந்து ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்து, பல வருஷத்துக்குப் பிறகு அவர் எதிரிலேயே, நிதானமாக மென்று சாப்பிட்டாள். இரண்டாவது முட்டையையும் உரித்தாள்.

“ஒரு விஷயம்” என்றார் டெய்லர்.

“சொல்லுங்க.”

“தெருவுல… எல்லாரும் நான்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. ஆபரேஷன் முடியிற வரைக்கும் இது நம்மளோட இருக்கட்டுமே. நான் மெதுவாச் சொல்லிக்கறேன்.”

அவள் வாயில் இருந்ததை விழுங்கினாள். “என் வயித்தைக் கிழிச்சு ஈரலை எடுக்கறாங்க. தைக்கறப்ப உள்ளே உங்க மானத்தையும் வெச்சுத் தைக்கச் சொல்லட்டுமா?”

“அப்படி இல்ல…”

“புள்ள மாசக்கணக்குல படுத்துக் கிடக்கறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே வந்து மேடையில ஏறியிருப்பேன். லாரின்னீங்க, சிரிச்சேன். வறுத்துச் சாப்பிடணும்னீங்க, அதுக்கும் சிரிச்சேன். இதுக்குச் சிரிக்க வரலைங்க.”

அவர் மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தார். அதற்குள் அவளைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டாள்.

ஆபரேஷன் நாளன்று தெருவில் பாதிப்பேர் கடைச் சாவியை இடுப்பில் சொருகியபடி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்திருந்தார்கள். டெய்லர் சட்டை பேண்ட்டோடு தண்ணீர் பாட்டில் வாங்க வெளியே வந்ததைப் பார்த்துத் திகைத்தார்கள். “என்னண்ணே, இன்னும் உள்ளே போகலையா?” என்றார் டீக்கடைக்காரர். “அப்புறம் சொல்றேன்” என்று பாட்டிலைக்கூட வாங்காமல் திரும்பி நடந்தார். பட்டன் அக்கா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உள்ளே போயிருக்கறது லாண்டிரிக்கார அக்காய்யா” என்றாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மனைவி எங்கே என்று அவள் ஒருத்திதான் தேடியிருந்தாள்.

இரண்டு பேருக்கும் நல்லபடியாகவே முடிந்தது. ஆனாலும் மூன்று நாளைக்கு டெய்லரைக் கண்ணாடிக்கு வெளியேதான் நிறுத்தினார்கள். நாலாவது நாள் பச்சை அங்கியும் முகமூடியும் கொடுத்து மகளிடம் போகச் சொன்னார்கள். அங்கி அவருக்கு இரண்டு சுற்றுச் சுற்றியது. மகள் கண் திறந்திருந்தாள். வெள்ளை விழி வெள்ளையாயிருந்தது. அவரைப் பார்த்ததும் தலையைத் தூக்கப் பார்த்தாள்.

“அப்பா! அதுக்குள்ள எழுந்து நடக்கறீங்களா?”

அவர் படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு முந்தின நாட்களில் அவள் நினைவு தப்பிக் கிடந்தாள். ஆளை மாற்றியது அவளுக்குத் தெரியாது. விழித்த பிறகு நர்ஸுகள் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்திருந்தார். அப்பா சொல்வார் என்று நர்ஸுகள் நினைத்திருந்தார்கள் போல.

“எங்கப்பா வெட்டினாங்க? காட்டுங்க. ரொம்ப வலிக்குதா?”

நம்ப முடியாதுதான், ஆனால் அவருடைய கை தானாகவே விலாப் பக்கம் போயிற்று. வலிக்கிற ஆள் பிடிப்பதுபோலவே பிடித்தது. பக்கத்தில் சொட்டு மருந்துக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்த நர்ஸ் அந்தக் கையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், மறுபடி குழாயைப் பார்த்தாள்.

அவர் கையை எடுத்தார்.

“எனக்கு வெட்டலம்மா. என்னுது ஆகாதுன்னுட்டாங்க. கொழுப்பு.”

“உங்களுக்கா?” என்றாள் மகள். ஏதோ ஜோக் என்று சிரிக்கப்போனாள், தையல் இழுத்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, “அப்போ யாருப்பா?” என்றாள்.

அவருக்குக் குரல் வரவில்லை. நாற்பத்து நாலையும் முப்பத்து ஆறையும் தெருவுக்கே கூவிய குரல். முகமூடியைக் கீழே இழுக்கப்போனார்; நர்ஸ் கூடாது என்று கையசைத்தாள். அதனால் துணிக்குள்ளேயே சொல்ல வேண்டியிருந்தது, மகள் தலையைச் சாய்த்து உற்றுக் கேட்க வேண்டியிருந்தது.

“அம்மா. பக்கத்து ரூம்லதான் இருக்கா. வலிக்குதான்னு அவகிட்ட இன்னும் ஒருத்தரும் கேக்கல.”

மகள் மெதுவாக, அதட்டுகிற தெம்புகூட இல்லாமல், “நீங்களுமா கேக்கல?” என்றாள்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“போங்கப்பா” என்றாள் மகள். “போய்க் கேளுங்க.”